வெட்டுத் துண்டிற் பிறந்த யானை

ஆடை வெட்டும் மேசையின் கீழே நாள்தோறும் துணியின் கழிவுகள் சேர்கின்றன. கைக்குழியின் வளைவில் விழுந்த பிறைத் துண்டுகள், கழுத்து வெட்டில் விழுந்த அரைவட்டங்கள், ஓரத்திற் கழிந்த நீண்ட கீற்றுகள் என அவை பல வடிவின. வாங்கிய துணியின் விலையில் ஒரு பங்கு அவற்றிலும் அடங்கியிருக்கிறது. ஆயினும் அவற்றுக்கென ஒரு விலை இல்லை. மாலையில் துடைப்பம் அவற்றைக் கூட்டிச் சென்றுவிடும். அதற்கு முன்னர் ஒரு தாயின் கை அவற்றைப் பொறுக்கிக்கொண்டால், அங்கே ஒரு விளையாட்டுப் பொருள் பிறக்கிறது.

இப்பழக்கம் மிகப் பழமையானது. இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில், உரோமர் ஆட்சிக் காலத்து எகிப்திற் செய்யப்பட்ட துணிப்பொம்மை ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. லினன் துணியால் தைத்து, உள்ளே கந்தலும் பப்பைரசுத் துணுக்குகளும் திணித்த பொம்மை அது. எகிப்தின் வறண்ட மண் அதனைக் காத்துத் தந்தது. ஏனைய நாடுகளின் ஈர மண்ணில் அத்தகைய பொம்மைகள் உக்கிப்போயின. மண்பொம்மையும் உலோகப் பொம்மையும் ஆராய்ச்சியாளருக்குக் கிடைக்கின்றன. துணிப்பொம்மையோ குழந்தையின் கையிலேயே தேய்ந்து மறைந்துவிடுகிறது. ஆகவேதான் எஞ்சிய துணியிற் பிறந்த பொம்மைகளுக்கு எழுதப்பட்ட வரலாறு அரிதாயிருக்கிறது. எனினும் அவ்வரலாற்றில் ஓர் அத்தியாயம் தெளிவாக அறியப்பட்டுள்ளது. அது பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஜேர்மனியின் சிற்றூர் ஒன்றில், நடக்க இயலாத ஒரு பெண்ணின் தையல் மேசையில் தொடங்குகிறது.

வூட்டெம்பேர்க் அரசைச் சேர்ந்த கீங்கன் என்னும் ஊர் பிரென்ஸ் ஆற்றின் கரையில் அமைந்தது. அங்கே கட்டடக் கலைஞராயிருந்த பிரீட்ரிக் ஸ்டைஃப் என்பவருக்கு 1847-ஆம் ஆண்டு யூலை 24-ஆம் நாள் மகளாகப் பிறந்தவர் மார்கரெட்டே ஸ்டைஃப். ஒன்றரை வயதில் அவருக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. காய்ச்சல் தணிந்தபோது இரு கால்களும் செயலிழந்திருந்தன, வலக்கையும் வலுவிழந்தது. இளம்பிள்ளை வாதமே அதற்குக் காரணமென்பது பின்னரே தெரியவந்தது. 1856-ஆம் ஆண்டில், ஒன்பது வயதுச் சிறுமியைப் பெற்றோர் லூட்விக்ஸ்பேர்க் நகருக்கு அனுப்பினர். அங்கே சத்திரசிகிச்சை நடைபெற்றது. பின்னர் வில்ட்பாட் என்னுமிடத்து வெந்நீர் ஊற்றுகளிற் குளிப்புச் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. இரண்டினாலும் பயன் விளையவில்லை.

அக்காலத்துச் சிற்றூரொன்றில் ஒரு பெண்ணுக்கு வாழ்வளிப்பது திருமணம் அல்லது வீட்டு வேலை. நடக்க இயலாத பெண்ணுக்கு இரண்டும் எளிதல்ல. பெற்றோரின் காலத்துக்குப் பின் உடன்பிறந்தாரின் தயவில் ஒரு மூலையில் வாழ்ந்து முடிவதே அத்தகையோருக்கு வாய்த்த விதியாயிருந்தது. மார்கரெட்டே அவ்விதியை ஏற்கவில்லை. அயல்வீட்டுப் பிள்ளைகள் சிறு வண்டியொன்றில் வைத்து இழுத்துச் செல்ல அவர் பள்ளிக்கூடம் சென்றார். பின்னர்த் தையற் பள்ளியிலும் சேர்ந்தார். வலக்கையின் வேதனை காரணமாக ஊசி வேலை அவருக்கு எளிதில் வசப்படவில்லை. எனினும் விடாது பயின்று தேர்ந்தார். மூத்த சகோதரிகள் இருவர் 1862-ஆம் ஆண்டில் தையற் கூடம் ஒன்றைத் தொடங்கினர். மார்கரெட்டேயும் சில ஆண்டுகளில் அதிற் பங்கேற்றார். அத்துடன் சிதர் என்னும் நரம்பிசைக் கருவியைக் கற்பித்தும் பொருளீட்டினார்.

இவ்வாறு சேர்த்த பணத்திலேதான் ஒரு தையல் இயந்திரம் வாங்கப்பட்டது. கீங்கனுக்கு வந்த முதலாவது தையல் இயந்திரம் அதுவே என்பர். ஆனால் இயந்திரத்தின் சுழற்சக்கரம் வலப்புறத்தில் இருந்தது. மார்கரெட்டேயின் வலக்கையோ அதனைச் சுழற்ற இயலாதது. அவர் இயந்திரத்தைத் திருப்பி வைத்து, இடக்கையாற் சக்கரத்தைச் சுழற்றித் தைக்கப் பழகினார். வலக்கையருக்கென ஆக்கப்பட்ட ஒரு கருவியைத் தம் உடலுக்கேற்ப மாற்றி வைத்த அச்செயல், பின்னர் அவர் துணித் துண்டுகளைக் கையாண்ட முறைக்கு முன்னோடி போலத் தோன்றுகிறது. இருப்பது எதுவோ அதைக்கொண்டு வேண்டியதை ஆக்கிக்கொள்வது அவரது இயல்பாயிற்று.

1877-ஆம் ஆண்டில் அவர் தம் பெயரிலேயே ஒரு கடையைத் திறந்தார். உறவினராகிய ஹேன்லே குடும்பத்தினருக்குக் கீங்கனில் ஃபெல்ட் உற்பத்திச் சாலை இருந்தது. அங்கிருந்து துணி பெற்று, உட்பாவாடைகளும் குழந்தைகளுக்கான மேலாடைகளும் தைத்து விற்றார். ஃபெல்ட் என்பது தறியில் நெய்யப்படுவதன்று. கம்பளி மயிரை ஈரமும் சூடும் கொடுத்துத் தேய்த்து அழுத்தினால், மயிர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியான விரிப்பாகும். பாவும் ஊடும் இல்லாமையால் அதன் ஓரம் நூல் நூலாகப் பிரிவதில்லை. நெய்த துணியின் சிறு துண்டொன்றைத் தைக்கவேண்டுமாயின் ஓரத்தை மடிக்க இடம் விடவேண்டும். மடித்தபின் எஞ்சுவது மிகச் சொற்பம். ஃபெல்ட் துண்டையோ எத்திசையிலும் வெட்டலாம், வெட்டியபடியே தைக்கலாம். விரலளவு துண்டும் ஒரு காதாகவோ வாலாகவோ ஆகிவிடும். கழிவிலிருந்து ஒரு கலை தோன்றுவதற்கு இத்துணியின் இயல்பு பெருந்துணையாயிற்று.

பேர்லின் நகரிலிருந்து 'மோடன்வெல்ட்' என்னும் உடை நாகரிக இதழொன்று 1865 முதல் வெளிவந்துகொண்டிருந்தது. வீட்டிலிருந்தபடியே தைப்பதற்கு வேண்டிய வெட்டு மாதிரிகளை அது அச்சிட்டு வழங்கியது. அவ்விதழில் 1879-ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் சிறு யானையொன்றின் மாதிரி வெளிவந்தது. அதனைக் கண்ட மார்கரெட்டே, உடை வெட்டியபின் எஞ்சிய ஃபெல்ட் துண்டுகளைக்கொண்டு அவ்யானையைத் தைத்தார். உள்ளே ஆட்டு உரோமத்தைத் திணித்தார். அது விளையாட்டுப் பொருளாகச் செய்யப்பட்டதன்று. தையல் வேலை செய்யும் பெண்கள் ஊசிகளைக் குத்திவைப்பதற்கான மெத்தையாகவே அது கருதப்பட்டது. நண்பருக்கும் உறவினருக்கும் பரிசாக அவர் அவற்றை வழங்கினார்.

இங்கேதான் எவரும் திட்டமிடாத ஒரு திருப்பம் நிகழ்ந்தது. பரிசு பெற்ற வீடுகளிலிருந்த குழந்தைகள் யானையைத் தம் கையில் எடுத்துக்கொண்டனர். தாய்மாருக்கு அது ஊசி மெத்தை. குழந்தைகளுக்கோ அது யானை. அக்காலத்து ஜேர்மானியக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களுட் பெரும்பாலானவை மரத்தாலும் தகரத்தாலும் மெழுகாலும் பீங்கானாலும் ஆனவை. அவை உடையும், சில கையைக் கீறும், படுக்கையில் அணைத்துக்கொண்டு உறங்குவதற்கு உதவா. மென்மையான யானையோ எறிந்தாலும் உடையாது, அணைத்தாலும் வலிக்காது. மாதிரியை வரைந்தது ஓர் இதழ். தைத்தது மார்கரெட்டேயின் கை. அதனை விளையாட்டுப் பொருளென்று கண்டு கொண்டவர்கள் குழந்தைகளே. அவர்களது தீர்ப்பை மதித்து ஏற்றதில் அவரது கூர்மை விளங்குகிறது.

இத்தகைய விலங்கொன்றை ஆக்கும் முறை எளிது போலத் தோன்றினும் நுட்பமானது. துணி தட்டையானது, விலங்கோ உருண்டு திரண்ட உடலுடையது. ஒரு பக்கத்தின் வடிவை வெட்டி, அதற்கு எதிர்ப்பக்கமாக இன்னொன்றை வெட்டி, இரண்டையும் இணைத்தால் கிடைப்பது ஒரு தட்டைப் பை மட்டுமே. முதுகுக்கும் வயிற்றுக்கும் இடையே ஒரு நீளத் துண்டைச் செருகித் தைத்தால்தான் உடல் அகலம் பெறும். கால்கள் நான்கும் தனித்தனியே நிற்கும். ஓரிடத்திற் சிறு வாயை விட்டு ஏனைய ஓரங்களைத் தைத்து, உட்புறத்தை வெளியே புரட்டி, முதலிற் கால், தும்பிக்கை முதலிய ஒடுங்கிய பகுதிகளைக் குச்சியால் இறுகத் திணித்து, பின்னர் உடலை நிரப்பி, வாயைக் கையூசியால் மூடவேண்டும். திணிப்பது குறைந்தால் விலங்கு தளர்ந்து சாயும். மிகுந்தால் தையல் பிரியும். கடைசியில் வைக்கப்படும் கண்ணின் இடம் ஒரு நூலளவு மாறினும் முகத்தின் குணமே மாறிவிடும். துணி கழிவாயினும் அதன்மேற் செலவாகும் கவனம் கழிவன்று.

மார்கரெட்டேயின் சகோதரர் பிரிட்ஸ், யானைகளை மூட்டையாகக் கட்டி அயலூரான ஹைடன்ஹைமின் சந்தைக்கு எடுத்துச் சென்று விற்றார். 1886-ஆம் ஆண்டளவில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட யானைகள் விற்பனையாகியிருந்தன. இத்தொகைக்கு உடை தைத்தபின் எஞ்சும் துண்டுகள் போதா. ஆகவே விலங்குகளுக்கெனவே துணி வெட்டப்படலாயிற்று. கழிவாகத் தொடங்கியது முதற்பொருளாயிற்று. உடை படிப்படியாகப் பின்னுக்குச் சென்றது. யானையைத் தொடர்ந்து குரங்கு, கழுதை, குதிரை, ஒட்டகம், பன்றி, நாய், பூனை, முயல் என்பன வந்தன. 1892-இல் முதலாவது படவிளக்கப் பட்டியல் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு ஃபெல்ட் விளையாட்டுப் பொருட் சாலையாக அத்தொழில் பதிவு செய்யப்பட்டது. அவ்வாண்டே லைப்சிக் நகரின் வர்த்தகச் சந்தையிலும் அதன் பொருள்கள் இடம்பெற்றன.

பிரிட்ஸின் மகன் ரிச்சர்ட் ஸ்டைஃப், ஸ்டுட்கார்ட் நகரிற் கலைத்தொழில் பயின்றவர். அந்நகரத்து விலங்குக் காட்சிச்சாலையிற் கரடிகளைப் பார்த்து அவர் பல படங்கள் வரைந்தார். 1897-இல் அத்தையின் தொழிலிற் சேர்ந்த அவர், 1902-இல் கைகால் அசையக்கூடிய கரடியொன்றை வகுத்தார். அங்கோரா ஆட்டின் உரோமத்தால் ஆன மயிர்த்துணியே அதன் தோல். 1903-ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் முதலில் எவரும் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. சந்தை முடியும் தறுவாயில் அமெரிக்கக் கொள்வனவாளர் ஒருவர் 3,000 கரடிகளுக்குக் கட்டளை கொடுத்தார்.

அவ்வேளையில் அமெரிக்காவில் கரடிக்கு ஒரு தனி மதிப்பு ஏற்பட்டிருந்தது. 1902-ஆம் ஆண்டு நவெம்பரில் மிசிசிப்பி மாநிலத்தில் வேட்டையாடிய சனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட், மரத்திற் கட்டப்பட்ட கரடியொன்றைச் சுட மறுத்தார். கிளிஃபர்ட் பெரிமன் என்னும் சித்திரக்காரர் அதனைக் கேலிச்சித்திரமாக வரைய, அது 'வாசிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் வெளிவந்தது. நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் இனிப்புக் கடை வைத்திருந்த மொரிஸ் மிச்டொம் என்பவர் அதைக் கண்டார். இரசியாவிலிருந்து குடியேறிய யூதர் அவர். அவர் மனைவி ரோஸ் துணியாற் கரடி தைத்துக் கடைக் கண்ணாடியில் வைத்தார். சனாதிபதியின் செல்லப் பெயரால் அது 'டெடி' எனப்பட்டது. இவ்வாறு கடலின் இரு கரைகளிலும், ஒருவரை ஒருவர் அறியாத இரு குடும்பங்களில், ஏறத்தாழ ஒரே காலத்திற் கரடி பிறந்தது. அதன் பெயர் ஒரு சனாதிபதியை நினைவூட்டுகிறது. அதனைத் தைத்த ரோஸின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

கீங்கனில் 1907-ஆம் ஆண்டில் மட்டும் 9,74,000 கரடிகள் செய்யப்பட்டன. தொழிற்சாலையுள் ஏறத்தாழ 400 பேரும், தத்தம் வீடுகளிலிருந்து ஏறத்தாழ 1,800 பேரும் வேலை செய்தனர். 1903-இல் இரும்பும் கண்ணாடியும் கொண்டு எழுப்பப்பட்ட தொழிற்கூடத்தில் நாள் முழுதும் வெளிச்சம் நிறைந்திருந்தது. உள்ளே பணிபுரிந்த இளம்பெண்களைக் குறித்து, கன்னியரின் கண்ணாடித் தொட்டி என்று ஊரார் அதற்குப் பட்டப்பெயர் இட்டனர். ஆனால் கண்ணாடிக்கு வெளியே இருந்தோரின் தொகையே பெரிது. வெட்டிய துண்டுகள் சுற்றுப்புற வீடுகளுக்குச் செல்லும். சமையலுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் இடையே பெண்கள் அவற்றைத் தைத்துத் திருப்புவர். உழவு குறைந்த பருவத்தில் அக்கூலி பல குடும்பங்களுக்கு ஆதாரமாயிற்று. எனினும் ஒரு பொருளுக்கு இவ்வளவென்று பெறும் அக்கூலியில், தையற்காரியின் பெயருக்கு இடமில்லை. நிறுவனத்தின் அடையாளமோ 1904 முதல் ஒவ்வொரு விலங்கின் காதிலும் ஓர் உலோகப் பொத்தானாகப் பதிக்கப்பட்டது. கரடி உலகை வென்ற காலத்திலும் அப்பொத்தான்களில் முதலிற் பொறிக்கப்பட்ட உருவம் யானையே. தொழில் எதிலிருந்து எழுந்தது என்பதை அவர்கள் மறந்திலர்.

மார்கரெட்டே ஸ்டைஃப் 1909-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள், தமது 61-ஆம் வயதில், சுவாச அழற்சியாற் காலமானார். உடன்பிறந்தாருக்குப் பாரமாவார் என்று எண்ணத்தக்க நிலையிலிருந்தவர், உடன்பிறந்தாரின் மக்களுக்கே தொழிலளித்து மறைந்தார்.

அவருக்குப் பின் வந்த போர்கள், இக்கலையை மீண்டும் அதன் தொடக்கத்துக்கே கொண்டு சென்றன. முதலாம் உலகப் போரின் பின் ஜேர்மனியில் உரோமம் கிடைப்பது அரிதாயிற்று. 1919-ஆம் ஆண்டை அடுத்த காலத்திற் கீங்கன் கரடிகள் சில காகித நாரில் ஆன துணியாற் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியா 1941-ஆம் ஆண்டு யூன் முதலாம் நாள் உடைப் பங்கீட்டைத் தொடங்கியது; அது 1949-ஆம் ஆண்டு மார்ச் வரை நீடித்தது. இருப்பதைச் செப்பனிட்டு உடுக்குமாறு அரசாங்கம் 1943-இல் கைநூல் வெளியிட்டது. விளையாட்டுப் பொருட் கடைகள் வெறுமையாயின. தாய்மார் பழைய மேலங்கியின் தேயாத பகுதியை வெட்டி முயல் தைத்தனர். கிழிந்த போர்வை கரடியாயிற்று. திணிப்பதற்குப் பழைய காலுறைகளும் துணிக் கீற்றுகளும் உதவின. தந்தை போர்முனைக்குச் சென்ற வீட்டில், அவரது பழைய உடையின் துண்டு குழந்தையின் படுக்கையில் ஒரு விலங்காகத் துயின்றது.

அமெரிக்காவிற் பொருளாதார மந்தம் நிலவிய முப்பதுகளில் இதனை ஒத்த ஒன்று நிகழ்ந்தது. இலினோய் மாநிலத்து ரொக்பர்ட் நகரின் நெல்சன் நிறுவனம், சிவந்த குதிகாலுடைய தொழிலாளர் காலுறைகளை 1932 முதல் விற்றது. தேய்ந்த காலுறைகளை வெட்டிப் பெண்கள் குரங்கு செய்தனர்; சிவந்த குதிகால் குரங்கின் வாயாயிற்று. முதலிற் செய்தவர் யார் என எவருக்கும் தெரியாது. அவ்வடிவத்தின் உரிமை குறித்து வழக்கெழுந்து, 1955-இல் காலுறை நிறுவனத்துக்கே உரிமை கிடைத்தது. அது செய்முறைத் தாளைக் காலுறையோடு சேர்த்தே விற்கத் தொடங்கியது. பெண்கள் தேய்ந்த காலுறையிற் கண்ட குரங்கு, இவ்வாறு புதிய காலுறைக்கே விளம்பரமாயிற்று.

இவ்வரலாற்றை ஒருங்கே நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகிறது. துணித் துண்டுக்கு விலை இல்லாதது, அதனிடம் தன்மை இல்லாமையால் அன்று. ஆடை என்ற ஒரே அளவுகோலால் அது அளக்கப்பட்டமையாலேயே. பாவாடைக்கு உதவாத துண்டு யானையின் காதுக்குப் போதியதாயிருந்தது. கீங்கன் ஊர் மார்கரெட்டேயை அளந்த கோலும் அத்தகையதே. நடத்தல், மணம் புரிதல், வீடு பேணல் என்ற அளவைகளால் அவர் எஞ்சிய துண்டாகவே தோன்றியிருப்பார். அளவுகோலை மாற்றியவர் அவரேதான். இயந்திரத்தைத் திருப்பி வைத்த அதே கைதான்.

ஆடைத் தொழிற்சாலைகள் பெருகிவிட்ட இக்காலத்தில், இலங்கை போன்ற நாடுகளில் வெட்டுத் துண்டுகளுக்குக் குறைவே இல்லை. அவற்றைப் பொறுக்கி எடுத்து விலங்கு தைக்கும் பெண்ணின் உழைப்புக்கு உரிய கூலியும் பெயரும் கிடைக்கின்றனவா என்பதே, கீங்கனின் வரலாறு இன்றைய உலகுக்கு விட்டுச் சென்ற கேள்வி. துண்டு இலவசமாகக் கிடைக்கலாம். தைக்கும் கை இலவசமன்று.